வயற் செய்திப் பெட்டியும் இலேசான லோரா நூலகமும்

கமக்காரரின் வீடும் வயலும் அருகருகே அமைவது அரிது. நெல்வயல் குளத்தின் கீழும், மிளகாய், வெங்காயத் தோட்டம் கிணற்றடியிலும், வீடு ஊர்மனையிலும் இருத்தலே பெரும்பாலும் வழக்கம். எலி வரம்பைத் துளைத்து இரவோடிரவாக நீர் வடிந்துவிடின், மறுநாள் வயலுக்குச் சென்ற பின்னரே அது தெரியவரும். இரண்டொரு நாள் வயலுக்குப் போக இயலாதிருந்தால் அத்தனை நாளும் பயிர் வாடும். குடலைப் பருவத்தில் இவ்வாறு நீரிழந்த வயல் விளைவிற் குறையும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர்.

வயலில் நின்று நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் அளந்து, அளவை வானொலி அலை மூலம் வீட்டுக்கு அறிவிக்கும் சிறு பெட்டிகளை, மாணவரும் கைவேலையில் ஆர்வமுள்ளோரும் பல நாடுகளில் இன்று தாமே அமைத்துக்கொள்கின்றனர். இதற்கு வேண்டிய உறுப்புகள் எளிதிற் கிடைக்கின்றன. ஆயினும், பெட்டி நம்பத்தக்கதாக அமைவதும் அமையாததும் அதனுள் எழுதப்படும் செய்நிரலையே பொறுத்தது. அச் செய்நிரலுக்கு அடிப்படையான 'நூலகம்' என்பது யாது, இலேசான நூலகத்தின் நன்மை யாது, அது செய்யாது விடும் வேலைகள் எவை என்பவற்றை இப் பிரசுரம் விளக்குகின்றது. பெட்டியைத் தாமே அமைக்காத கமக்காரரும், அமைத்துத் தருவோரிடம் கேட்கவேண்டியவற்றை இதனால் அறிந்துகொள்ளலாம்.

பெட்டியின் உறுப்புகள்

பெட்டியில் முக்கியமான உறுப்புகள் மூன்று. முதலாவது, நீரையோ ஈரத்தையோ அளக்கும் உணரி. இரண்டாவது, அவ்வளவை எண்ணாக மாற்றி வேலைகளை ஒழுங்காக நடத்தும் நுண்கட்டுப்படுத்தி. மூன்றாவது, செய்தியை அனுப்பும் வானொலிச் சில்லு.

நுண்கட்டுப்படுத்தி என்பது மிகச் சிறிய ஒரு கணிப்பொறியாகும். 2005ஆம் ஆண்டளவில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென உருவாக்கப்பட்ட ஆடுயினோ பலகைகள் இவ்வேலைக்குப் பெரிதும் உதவுகின்றன. அவற்றுள் பல்லாண்டாகப் பெருவழக்கில் இருந்துவரும் ஊனோ பலகையின் மூன்றாம் பதிப்பு, அட்மெகா 328பி என்னும் நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டது. இதில் செய்நிரலை வைத்தற்கு 32 கிலோபைற்றும், வேலை நடக்கும்போது எண்களை வைத்தற்கு 2 கிலோபைற்றும், மின் நின்றபோதும் அழியாது குறித்து வைத்தற்கு 1 கிலோபைற்றுமே இடம் உண்டு. ஒரு பைற்று என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை எழுதுவதற்குப் போதிய இடமாகும். சிறிய களஞ்சியத்தில் மூடைகளை எண்ணி அடுக்குவது போல, இச்சிறிய இடத்தையும் எண்ணியே பயன்படுத்தல் வேண்டும். இலேசான நூலகம் தேவைப்படுவது இதனாலேயே.

லோரா முறை

வானொலிச் சில்லு பின்பற்றும் முறை லோரா எனப்படும். பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலிருந்த சைக்ளியோ என்னும் சிறு நிறுவனம் இதனை வகுத்தது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த செம்டெக் நிறுவனம் சைக்ளியோவை வாங்கியது. செம்டெக் வெளியிட்ட எஸ்.எக்ஸ். 1276 என்னும் சில்லு ஆடுயினோவுடன் பெரிதும் இணைக்கப்படுகின்றது.

இம்முறையில், அலையின் மீடிறன் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்கு ஒரு சீழ்க்கையொலி போல ஏறுகின்றது. அவ்வேற்றம் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதைக் கொண்டே செய்தி உணரப்படும். ஏற்றத்தை விரைவாகவோ மெதுவாகவோ அமைக்கலாம். இதனைக் குறிக்கும் எண் 'பரவற் காரணி' எனப்படும்; வழக்கமாக 7 முதல் 12 வரை அது வைக்கப்படும். காரணி ஒன்று கூடுந்தோறும் ஓர் ஏற்றத்துக்கு வேண்டிய நேரம் இரு மடங்காகின்றது. அலைப்பட்டையின் அகலம் 125 கிலோஹேட்ஸ் ஆயின், காரணி 7இல் ஓர் ஏற்றம் ஏறத்தாழ 1 மில்லிசெக்கனும், 12இல் ஏறத்தாழ 33 மில்லிசெக்கனும் எடுக்கும்.

வயலின் மறுகரையில் நிற்பவருக்கு விரைந்து பேசினால் விளங்காது. சொல்லை நீட்டி அழைத்தால் விளங்கும். அதுபோலவே மெதுவாக அனுப்பிய செய்தி தொலைவில் உணரப்படும். காரணி 12இல், வந்து சேரும் அலையின் வலு சுற்றியுள்ள இரைச்சலின் வலுவில் நூற்றிலொரு பங்காயினும் செய்தியைப் பிரித்தெடுக்கலாம். எனினும் அதற்கேற்ப நேரம் செலவாகும். பிழைச் சோதனையுடன் 10 பைற்றுச் செய்தியொன்றை அனுப்புதற்குக் காரணி 7இல் ஏறத்தாழ 41 மில்லிசெக்கன் போதும். காரணி 12இல் ஏறத்தாழ 1 செக்கன் வேண்டும். ஆகையால், குறைந்த காரணியிலே செய்தி தவறாது சேருமாயின், அதனை வீணே கூட்டுதல் நன்றன்று.

நூலகம் என்பது யாது?

இங்கு நூலகம் என்பது நூல்களை வைக்கும் இடமன்று. பலருக்கும் பொதுவாக வேண்டிய வேலைகளைச் செய்தற்கு முன்னரே எழுதி வைக்கப்பட்ட செய்நிரற் பகுதிகளின் தொகுப்பே நூலகம் எனப்படும்.

வானொலிச் சில்லினுள் பதிவகங்கள் எனப்படும் பல சிற்றறைகள் உண்டு. மீடிறன், வலு, பரவற் காரணி முதலியவற்றிற்குரிய எண்களை ஒவ்வொரு பதிவகத்திலும் சரியாக எழுதினாலன்றிச் சில்லு பேசாது. இவ்வேலையை ஒவ்வொருவரும் புதிதாகச் செய்யப் புகின் பல நாட்கள் கழியும், பிழைகளும் நேரும். நூலகத்தை இணைத்துக்கொண்டால், 'தொடங்கு', 'எழுது', 'அனுப்பு', 'கேள்' என்றாற் போன்ற சில கட்டளைகளே போதும். தச்சர் செய்து தந்த கலப்பையைப் பூட்டி உழுபவர், ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாகக் கலப்பை செதுக்குவதில்லை அன்றோ?

லோரா நூலகங்களிற் கனமானவையும் இலேசானவையும் உண்டு. 2015ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட லோரா கூட்டணி, பல பெட்டிகள் ஒரு பொது வலையமைப்பின் வழியாகப் பேசுதற்கென லோராவான் என்னும் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளை ஏறக்குறைய முழுமையாக நிறைவேற்றும் நூலகமொன்றை ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச்சு ஆய்வுகூடம் எழுதியது. எல்மிக் என்பது அதன் பெயர். பின்னர் அது ஆடுயினோவுக்கு ஏற்றவாறு மாற்றப்பட்டது. ஆயினும், ஊனோ பலகையின் 32 கிலோபைற்றிற் பெரும்பகுதியை அது தானே நிரப்பிவிடும். உணரிகளுக்கு வேண்டிய செய்நிரலை வைத்தற்கு இடம் நெருக்கடியாகின்றது.

இலேசான நூலகங்கள் இருவகைப்படும். ஒருவகை, வலையமைப்பு எதுவுமின்றிப் பெட்டிக்குப் பெட்டி நேரே பேசுதற்கு உதவுவது. ஆடுயினோ லோரா என்னும் நூலகம் இத்தகையது. மற்றவகை, லோராவான் வலையமைப்புக்குச் செய்தியை அனுப்ப மட்டும் வல்லது. நியூயோர்க்கைச் சேர்ந்த அடாபுரூட் நிறுவனத்தின் டைனிலோரா இத்தகையது. டைனிலோரா பதிற் செய்தியைக் கேட்பதில்லை. தன் அடையாளத்தையும் இரகசியத் திறவுகோல்களையும் முன்கூட்டியே செய்நிரலில் எழுதிவைத்துக்கொண்டு அனுப்புவதே அதன் வேலை.

இலேசான நூலகம் விட்டுவிடும் வேலைகள்

ஒரு நூலகம் இலேசாக இருப்பது, அது சில வேலைகளைச் செய்யாது விடுவதனாலேயே. பின்வருவன பெரும்பாலும் விடப்படுவன:

1. ஏற்புச் செய்தி. செய்தி சேர்ந்ததா என்பதை அனுப்பிய பெட்டி அறியாது. சேராவிடின் மீண்டும் அனுப்பவும் மாட்டாது. ரேடியோஹெட் போன்ற சில நூலகங்களில் இதற்கெனத் தனிப்பகுதி உண்டு. அதனைச் சேர்த்தால் கூடிய இடம் வேண்டும்.

2. பிழைச் சோதனை. வழியிற் சிதைந்த செய்தியை இனங்கண்டு நீக்கும் ஆற்றல் சில்லுக்கு உண்டு. ஆயினும் ஆடுயினோ லோரா நூலகத்தில், தனிக் கட்டளை இட்டாலன்றி இச்சோதனை நடைபெறாது. இக்கட்டளையை இரு பெட்டிகளிலும் எழுதுதல் வேண்டும்.

3. இரகசியம் பேணல். நேரே பேசும் இலேசான நூலகங்கள் செய்தியை வெளிப்படையாகவே அனுப்புவன. அதே மீடிறனும் அதே அமைப்பும் கொண்ட எவரும் அதனைக் கேட்கலாம். அதுபோன்ற பொய்ச் செய்தியையும் அனுப்பலாம்.

4. முறை பார்த்துப் பேசல். வேறொரு பெட்டி பேசிக்கொண்டிருக்கின்றதா என்று பாராமலே இவை பேசத் தொடங்கும். இரு பெட்டிகள் ஒரே வேளையிற் பேசினால் ஒன்றோ இரண்டுமோ கெடலாம்.

5. தொடரெண்ணை நினைவில் வைத்தல். மின் நின்று மீண்டும் வந்ததும், எண் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இவ்வைந்தையும் நூலகம் செய்யாவிடின், பெட்டியை அமைப்போர் செய்தல் வேண்டும். இருவரும் செய்யாவிடின் நட்டம் கமக்காரரையே சாரும்.

செய்தியைச் சுருக்கி அமைத்தல்

'நீர்மட்டம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு' என்று சொற்களால் அனுப்புதல் வேண்டாம். சொற்கள் நினைவகத்தையும் நேரத்தையும் மின்னையும் வீணாக்கும். பெட்டியின் எண்ணுக்கு 1 பைற்று, தொடரெண்ணுக்கு 2, நீர்மட்டத்துக்கு 2, மண்ணீரத்துக்கு 2, மின்கல வோல்ற்றளவுக்கு 2, நிலைக்குறிக்கு 1 என வகுத்தால், 10 பைற்றில் யாவும் அடங்கும். இரண்டு பைற்றில் 0 முதல் 65,535 வரையுள்ள எண்ணை எழுதலாமாதலின், நீர்மட்டத்தை மில்லிமீற்றர் கணக்கில் அனுப்புதல் எளிது.

நிலைக்குறியை விட்டுவிடுதல் கூடாது. உணரியின் கம்பியை எலி கடித்துவிட்டால், சில உணரிகள் 0 என்றே காட்டும். வயலில் நீர் வற்றினாலும் அதே 0 தோன்றும். முன்னையதற்குக் கம்பியைத் திருத்தல் வேண்டும். பின்னையதற்கு உடனே நீர் பாய்ச்சல் வேண்டும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது அந்த ஒரு பைற்றேயாகும்.

தொடரெண்ணின் பயன்

பண்டகசாலையிற் கொடுக்கப்படும் துண்டுகளுக்கு வரிசையாக எண்ணிடப்படுவது போல, ஒவ்வொரு செய்திக்கும் எண்ணிடுதல் வேண்டும். 41க்குப் பின் 44 வந்தால், இடையில் இரண்டு செய்திகள் தவறியதை வீட்டுப் பெட்டி அறியும்.

லோராவான் வலையமைப்பில் இவ்வெண் மேலும் முக்கியமானது. முன்னர் வந்த எண்ணையோ அதனிற் குறைந்ததையோ தாங்கிவரும் செய்தியை, பழைய செய்தியைப் பிறர் திருப்பி அனுப்பியதாகக் கொண்டு வலையமைப்புத் தள்ளிவிடும். மின்கலம் மாற்றியதும் பெட்டி மீண்டும் 0 என்று தொடங்கினால், அது ஒழுங்காகப் பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு செய்தியேனும் வீட்டை அடையாது. இலேசான நூலகத்தைப் பயன்படுத்துவோர் பலர் காரணம் விளங்காது இடர்ப்படுவது இவ்விடத்திலேயாம்.

இதனைத் தவிர்க்க, எண்ணை அழியா நினைவகத்திற் குறித்து வைத்தல் வேண்டும். ஆனால் அட்மெகா 328பியில் அந்நினைவகத்தின் ஓரிடம் ஏறத்தாழ 1,00,000 முறை எழுதுதற்கே உறுதியளிக்கப்பட்டுள்ளது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் நாளொன்றுக்கு 96 முறையாகும். மூன்றாண்டு நிறைவதற்கு முன்னரே அவ்வெல்லை கடந்துவிடும். ஆகையால் பத்துச் செய்திக்கு ஒருமுறை எழுதி, பெட்டி மீண்டும் தொடங்கும்போது குறித்த எண்ணுடன் 10ஐக் கூட்டித் தொடர்தல் சிறந்தது. இவ்வாறு செய்யின் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலும் அவ்விடம் தாங்கும்.

மின்கலச் சிக்கனம்

வானொலிச் சில்லு மிதமான வலுவுடன் பேசும்போது ஏறத்தாழ 29 மில்லியம்பியர் மின்னை உட்கொள்ளும். ஒரு செக்கன் நீளமான செய்தியை நாளொன்றுக்கு 96 முறை அனுப்பினாலும் 1 மில்லியம்பியர்-மணித்தியாலத்துக்குக் குறைவாகவே செலவாகும். ஆனால், பதில் வருமென்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 11 மில்லியம்பியர் வீதம் நாளொன்றுக்கு 264 மில்லியம்பியர்-மணித்தியாலம் செலவாகும். 2,000 மில்லியம்பியர்-மணித்தியாலக் கொள்ளளவுள்ள மின்கலம் எட்டு நாளும் தாங்காது. எனவே வயற்பெட்டி பேசியவுடன் உறங்குதல் வேண்டும். ஏற்புச் செய்தி தேவையாயின், பேசியபின் ஓரிரு செக்கன் மட்டும் கேட்டுவிட்டு உறங்கலாம். வீட்டு மின்னில் இயங்கும் பெட்டியே எப்போதும் விழித்திருத்தல் தகும்.

முழுமையான ஊனோ பலகை, வேலையெதுவும் இல்லாதபோதும் பல பத்து மில்லியம்பியரைச் செலவிடும். ஆதலால், பழகுதற்கு அதனையும், வயலில் நிறுவுதற்கு உறங்கும் ஆற்றல் நன்கமைந்த சிறு பலகையையும் கொள்ளுதல் நன்று.

மௌனத்தை நற்செய்தியாகக் கொள்ளற்க

நீர் குறைந்தால் மட்டுமே பேசுமாறு பெட்டியை அமைப்போர் உளர். இது ஆபத்தானது. மின்கலம் தீர்ந்தாலும், அன்ரனா முறிந்தாலும், பெட்டியுள் மழைநீர் புகுந்தாலும் அது மௌனமாகவே இருக்கும். வீட்டிலுள்ளோர் வயல் நலமாயுள்ளதென எண்ணியிருப்பர்.

எனவே, குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த வேளைதோறும் பெட்டி பேசுதல் வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பேசும் பெட்டியிடமிருந்து ஒரு மணித்தியாலம் செய்தி வராவிடின், வீட்டுப் பெட்டி தானே மணியொலிக்குமாறு அமைத்தல் வேண்டும். ஓரிரு செய்திகள் தவறுதல் வானொலியில் இயல்பு. நான்கும் தொடர்ந்து தவறுதல் இயல்பன்று. மணி ஒலித்தால் வயலுக்குச் சென்று பார்ப்பதே வழி. ஏற்புச் செய்தி இல்லாத குறையை இவ்வொழுங்கு பெரும்பாலும் ஈடுசெய்யும்; இதற்கு வேண்டிய செய்நிரலும் சில வரிகளே.

நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கலாமா?

அளவைத் தவறாக அறிதல் வேறு; இயந்திரம் தவறாக இயங்குதல் வேறு. வெளிப்படையாகப் பேசும் இலேசான நூலகத்தைக் கொண்டு நீரிறைக்கும் இயந்திரத்தையோ மதகையோ இயக்குதல் தகாது. 'நிறுத்து' என்னும் கட்டளை வழியில் தவறினால் கிணறு வற்றும், இயந்திரமும் பழுதடையும். இயந்திரத்தருகே வேலை செய்பவர் இருக்கும்போது எதிர்பாராது அது இயங்கின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். இத்தகைய வேலைக்கு இரகசியம் பேணலும் ஏற்புச் செய்தியும் உடைய நூலகம் வேண்டும். கட்டளை வராவிடினும் குறித்த நேரத்தில் இயந்திரம் தானே நிற்கும் ஒழுங்கும், கையால் நிறுத்தும் ஆளியும் வேண்டும்.

நிறுவுமுன் செய்யவேண்டியவை

1. 433, 868, 915 மெகாஹேட்ஸ் எனச் சில்லுகள் பலவகையாக விற்கப்படுகின்றன. எம் மீடிறனை எவ்வளவு வலுவுடன் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரித்து அறிதல் வேண்டும்.

2. அன்ரனா இணைக்காமற் செய்தி அனுப்புதல் கூடாது, சில்லு பழுதடையலாம். நேரான கம்பியாயின் அலைநீளத்தின் காற்பங்கு நீளம் வேண்டும். 433 மெகாஹேட்ஸுக்கு இது ஏறத்தாழ 17 சதமமீற்றர்.

3. எஸ்.எக்ஸ். 1276 சில்லு 3.3 வோல்ற்றில் இயங்குவது. ஊனோ பலகையின் இணைப்புகளோ 5 வோல்ற்றில் இயங்குவன. இரண்டையும் நேரே இணையாது, வோல்ற்றளவை மாற்றும் சிறு சுற்றொன்றை இடையில் வைத்தல் வேண்டும்.

4. இரு பெட்டிகளிலும் மீடிறன், பரவற் காரணி, பட்டையகலம், பிழைச் சோதனை ஆகியவை ஒன்றுபோல் இருத்தல் வேண்டும்.

5. பல பெட்டிகள் இருப்பின், ஒவ்வொன்றும் பேசும் வேளையைச் சில செக்கன் முன்பின்னாக மாற்றி மாற்றி அமைத்தல் வேண்டும்.

6. பெட்டியைக் கையிற் கொண்டு வயலின் பல மூலைகளுக்கும் சென்று, அனுப்பிய நூறு செய்தியில் எத்தனை சேர்ந்தன என எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயிர் உயர்ந்து இலை நிறைந்தபின்னும், மழை நாளிலும் இதனை மீண்டும் செய்தல் நன்று. சேர்ந்தவை குறைவாயின், வலுவைக் கூட்டுமுன் அன்ரனாவை உயர்த்திப் பார்த்தல் வேண்டும்.

7. மின்கலத்தைக் கழற்றி மீண்டும் இட்டு, தொடரெண் விட்ட இடத்திலிருந்து முன்செல்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

8. உணரியின் கம்பியைக் கழற்றி, வீட்டுப் பெட்டி 'பழுது' என்று காட்டுகின்றதா, 'வறட்சி' என்று காட்டுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

9. வயற்பெட்டியை முற்றாக நிறுத்தி, ஒரு மணித்தியாலத்தில் வீட்டில் மணி ஒலிக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

இறுதி மூன்று சோதனைகளிலும் தேறாத பெட்டியை நம்பி வயலைக் காவலின்றி விடுதல் ஆகாது. இலேசான நூலகம் சிறிய பலகைக்கும் சிறிய மின்கலத்துக்கும் மிக ஏற்றது. அது செய்யாது விடும் வேலைகளை அறிந்து, அவற்றை நிறைவேற்றிக்கொண்ட கமக்காரருக்கு அது நல்ல துணையாகும். முதற் போகத்தில், பெட்டி சொல்வதையும் கண்ணால் வயலிற் காண்பதையும் நாள்தோறும் ஒரு கொப்பியில் ஒப்பிட்டு எழுதிவரின், அதனை எவ்வளவு நம்பலாம் என்பது அறுவடைக்கு முன்னரே தெளிவாகிவிடும்.